செவுளில் ஒட்டிய வெண்புள்ளிகள்: ஏழு நாள் ஆற்றுக் குறிப்புகள்

முதல் நாள்: கிளிஞ்ச் ஆறு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கிடையே வளைந்தோடும் கிளிஞ்ச் ஆற்றில் இன்று காலை இறங்கினேன். மே மாதம் முடியப்போகிறது. வெயில் ஏறிய பின்னும் தண்ணீரின் குளிர் ரப்பர் உடையைத் தாண்டி முழங்காலைக் கவ்வியது. நன்னீர் மட்டிகளைக் கணக்கெடுக்கும் ஒரு சிறு ஆய்வுக்குழுவுடன் தன்னார்வலராக ஏழு நாள் பயணம் செய்கிறேன். தெற்கே இந்த மலையாற்றில் தொடங்கி, ஈரி ஏரியைக் கடந்து, கனடாவின் சிடன்ஹம் ஆற்றில் முடிப்பதாகத் திட்டம். வெளியிலிருந்து வந்து பரவும் ஆக்கிரமிப்பு இனங்கள் நன்னீர் விலங்குகளை என்ன செய்கின்றன என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த விலங்குகளை நம்பியும் ஒட்டியும் வாழும் துணை உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிட முயல்கிறேன்.

அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீர்மட்டத்தில் அழுத்திக்கொண்டு, முதுகு வலிக்க வலிக்க ஆற்றடியைப் பார்த்தபடி நடப்பதுதான் வேலை. முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கற்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு குழுத்தலைவி விரலால் காட்டிய இடத்தில் ஒரு நீலம் தெரிந்தது. பரற்கற்களுக்கிடையே பாதி புதைந்திருந்த மட்டியொன்று ஓடுகளைத் திறந்து வைத்திருக்க, இடையில் வெளிர்நீலப் பட்டை மடித்து வைத்தாற்போல ஒரு சதைத்திண்டு இருந்தது. அதன் ஓரத்தில் பூச்சியின் உணர்கொம்பை ஒத்த இரண்டு சிறு நுனிகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஆய்ஸ்டர் மஸ்ஸல் என்று இங்கே அழைக்கப்படும் இந்த மட்டி, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 1997 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது; அனுமதி பெற்றவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பதால், குனிந்தபடியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நீலம் மீனுக்கான தூண்டில். டார்ட்டர் எனப்படும் விரல்நீளச் சிறுமீன் இரையென்று எண்ணி நெருங்கும்போது ஓடுகள் மூடி அதன் தலையைப் பிடித்துக்கொள்கின்றன; பிடியில் வைத்தபடியே மட்டி தன் இளவுயிரிகளை மீனின் செவுளுக்குள் செலுத்திவிட்டுப் பிறகு விடுவிக்கிறது. குளோக்கிடியா என்று பெயர் பெற்ற இந்த இளவுயிரிகள் வெறுங்கண்ணுக்கு வெண்புள்ளி அளவே இருக்கும். அவை செவுளிழையைக் கவ்வியதும் மீனின் தோல் அவற்றைச் சுற்றி வளர்ந்து மூடுகிறது. சில வாரங்கள் அந்தக் கூட்டுக்குள் இருந்து உறுப்புகள் மாறி, சின்னஞ்சிறு மட்டியாக உதிர்ந்து ஆற்றடியில் இறங்குகின்றன. அளவோடு ஒட்டினால் மீனுக்குப் பெரிய தீங்கில்லை. மட்டிக்கோ அந்த மீன் இல்லாமல் வம்சமே இல்லை. மேலும், தன் ஆயுள் முழுக்கச் சிறிது தூரமே நகரக்கூடிய ஓர் உயிர், ஆற்றோட்டத்தை எதிர்த்து மேலே போய்ப் பரவுவதற்கு மீனின் செவுளைத் தவிர வேறு வண்டி கிடையாது.

வட அமெரிக்காவில் ஏறத்தாழ 300 நன்னீர் மட்டி இனங்கள் உண்டு. கிளிஞ்சில் மட்டுமே 40க்கும் மேற்பட்டவை இன்னும் வாழ்கின்றன. சில இனங்கள் பல வகை மீன்களில் வளரும். சிலவற்றுக்கு ஒன்றிரண்டு மீன்களே ஒத்துவரும். ஓம்புயிர் என்று அறிவியல் தமிழில் சொல்லப்படும் அந்த மீன் இல்லாமற்போன ஆற்றிலும் மட்டிகள் வாழும், பல பத்தாண்டுகள்கூட வாழும். கணக்கெடுப்பவர் குறிப்பேட்டில் அவை உயிருள்ளவையாகவே பதிவாகும். குஞ்சு மட்டும் இருக்காது. இன்று நாங்கள் எடுத்த குறிப்புகளில் மட்டியின் எண்ணிக்கைக்கு அருகிலேயே அதன் நீளத்தையும் எழுதியதற்குக் காரணம் இதுதான். சிறியவை இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வி.

இரண்டாம் நாள்: அதே ஆறு, வடிகட்டியோடு

நேற்று கண்ணால் தேடினோம், இன்று தோண்டினோம். இரும்புச் சட்டமொன்றை ஆற்றடியில் வைத்து, அதற்குள் அடங்கும் மணலையும் பரலையும் ஒரு சாண் ஆழம் வரை வாரி வடிகட்டியில் போட்டு அலசினால், ஒளிந்திருக்கும் இளமட்டிகள் கிடைக்கும். எனக்கு முதலில் கிடைத்ததும், இரண்டாவதாகக் கிடைத்ததும், அதற்கடுத்துக் கைப்பிடி கைப்பிடியாகக் கிடைத்தவையும் கார்பிகுலா என்ற ஆசிய மட்டிகள். கட்டைவிரல் நகத்தளவில், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், ஓட்டின்மேல் ஒரே சீரான வளைய முகடுகளோடு இருக்கும் இவற்றை ஒருமுறை பார்த்துவிட்டால் மறுமுறை தவறவிட முடியாது.

கிழக்காசியாவைச் சேர்ந்த இந்த இனத்தின் வெற்றோடுகள் 1924இல் கனடாவின் வான்கூவர் தீவிலும், உயிருள்ளவை 1938இல் கொலம்பியா ஆற்றிலும் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளில் அது கண்டத்தின் மறுகரை வரை வந்துவிட்டது. இவ்வளவு விரைவுக்குக் காரணம் எளிது: கார்பிகுலாவுக்கு மீன் தேவையில்லை. ஒரே உடலில் ஆண் பெண் இரண்டும் உண்டு; தன் செவுளுக்குள்ளேயே குஞ்சுகளை அடைகாத்து, நேராக நீரில் விடுகிறது. தனியாக வந்து சேர்ந்த ஒற்றை மட்டிகூட ஓர் ஆற்றை நிரப்பத் தொடங்கலாம். பக்கத்தில் நீலத் தூண்டிலை விரித்துக்கொண்டு, வருமோ வராதோ என்று டார்ட்டர் மீனுக்காகக் காத்திருக்கும் மட்டியை நினைத்துக்கொண்டேன். துணையை நம்பி வாழ்பவரும் துணையே வேண்டாதவரும் ஒரே மணலில் அருகருகே கிடக்கிறார்கள்.

இளமட்டி மீனின் செவுளை விட்டு இறங்கிய பிறகு முதல் சில ஆண்டுகளை மணலுக்குள்ளேயே கழிக்கிறது. தசைக்காலால் துழாவி, மணல்துகள்களில் ஒட்டிய நுண்ணுணவைச் சேர்த்து உண்கிறது. கார்பிகுலாவும் நீரை வடிகட்டுவதோடு நிற்காமல் அதே முறையில் மணலையும் துழாவுகிறது. எனவே பந்தியில் போட்டி மிகவும் கீழ்த்தட்டிலேயே தொடங்கிவிடுகிறது. நீரில் மிதந்து வரும் விந்தணுக்களையும் குளோக்கிடியாக்களையும் அது உறிஞ்சிவிடும் வாய்ப்பும் உண்டு. கோடையில் நீர் வற்றி வெப்பம் ஏறும்போது கார்பிகுலாக்கள் கூட்டங்கூட்டமாக இறந்து அழுகும்; அப்போது வெளிப்படும் அமோனியா, மற்ற மாசுகளைத் தாங்கும் மட்டிகளைக்கூடக் குஞ்சுப் பருவத்தில் கொன்றுவிடும்.

எல்லாப் பழியையும் கார்பிகுலாவின்மேல் போடுவது நேர்மையாகாது. அணைகளும், நிலக்கரிச் சுரங்கக் கழிவும், கரையோர மண்ணரிப்பும் இந்த ஆற்றுப்படுகையை முன்பே நலிவுறச் செய்திருந்தன. மாலையில் கடைசி வடிகட்டியில், ஒரு பட்டாணி அளவில், பச்சைக் கதிர்க்கோடுகளோடு ஓர் இளமட்டி கிடைத்தது. அளந்து, பெயரெழுதி, அது இருந்த ஆழத்திலேயே திரும்ப வைத்தோம்.

மூன்றாம் நாள்: நியூ ரிவரின் கிளையோடை

பெயர் புதிய ஆறு என்றாலும், மிகப் பழமையான ஆறுகளுள் ஒன்றாகக் கருதப்படுவது நியூ ரிவர். அதில் கலக்கும் ஒரு சிற்றோடைக்கு இன்று வந்தோம். மட்டிக்கு இன்று விடுமுறை. கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்க் கல்லிறாலையும், அதன்மேல் குடியிருக்கும் புழுக்களையும் பார்ப்பதற்காகவே இந்த நாளைக் கேட்டு வாங்கினேன்.

தட்டையான கல்லை ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாக மெல்லத் தூக்கி, கீழ்ப்புறம் கைவலையைப் பிடித்தால், பின்னோக்கித் துள்ளும் கிரேஃபிஷ் தானே வலைக்குள் விழும். நீலம் கலந்த பச்சைக் கொடுக்குகளோடு உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று கிடைத்தது. அதை வெள்ளைத் தட்டில் சிறிது நீரோடு வைத்து உருப்பெருக்காடியைப் பிடித்தபோது, கண்ணுக்குப் பின்னாலும் கொடுக்கின் அடிப்புறத்திலும் நூலிழை நறுக்குகளைப் போல வெண்ணிறப் புழுக்கள் அசைவது தெரிந்தது. பிராங்கியோப்டெல்லிடா என்ற வகையைச் சேர்ந்த இவை அட்டைகளின் நெருங்கிய உறவினர். ஒன்று தன் பின்முனையை ஓட்டில் ஊன்றிக்கொண்டு உடலை நீட்டி, வாயால் ஓட்டின் பரப்பைத் தடவித் தடவி மேய்ந்தது. பிறகு முன்முனையை ஊன்றிப் பின்முனையை இழுத்துக்கொண்டு, சாண்புழு நடப்பதுபோல ஓரடி வைத்தது. அதன் அருகே ஓட்டின்மேல் சிறு காம்பில் நின்ற மங்கிய உருண்டைகள் அதன் முட்டைக்கூடுகள். இந்தப் புழு வெளியே எங்கும் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. உயிருள்ள கிரேஃபிஷின் உடல்தான் அதற்கு வீடு, வயல், தொட்டில் எல்லாம்.

இந்த மலைகளின் ஓடைகளில் நடந்த கள ஆய்வுகள் இந்த உறவின் நுட்பத்தைக் காட்டியிருக்கின்றன. புழுக்கள் ஓட்டிலும் செவுளறையிலும் படியும் பாசியையும் அழுக்கையும் மேய்வதால், நடுத்தரமான எண்ணிக்கையில் அவற்றைச் சுமந்த கிரேஃபிஷ்கள், புழுவே இல்லாதவற்றைவிட நன்றாக வளர்ந்தன. எண்ணிக்கை எல்லை மீறினால் மேய அழுக்குப் போதாமல் புழுக்கள் செவுள் திசுவையே கடிக்கத் தொடங்குகின்றன. அப்போது நன்மை தீமையாகிவிடுகிறது. எனவே கிரேஃபிஷ் தன் நகங்களால் உடலைச் சீவிச் சீவிப் புழுக்களின் அளவைத் தானே கட்டுக்குள் வைக்கிறது. எத்தனை பேர் தங்கலாம், எங்கே தங்கலாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்கிறார் என்றே சொல்லலாம். வளர்ந்த கிரேஃபிஷ் பொறுத்துக்கொள்வதை இளங்கிரேஃபிஷ் பொறுப்பதில்லை. ஓரினம் இடங்கொடுப்பதை மற்றோரினம் கொடுப்பதில்லை.

ஆக்கிரமிப்பு இனத்தின் கதை இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நுழைகிறது. ஓட்டின் இருபக்கமும் துருப்பிடித்தாற்போன்ற செம்புள்ளி கொண்ட ரஸ்டி கிரேஃபிஷ், ஓஹாயோ ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்டது. தூண்டில்காரர்கள் உயிர் இரையாகக் கொண்டுபோய், மிஞ்சியதை வாளியோடு கவிழ்த்த இடங்களிலெல்லாம் அது வேரூன்றி, அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பேரேரிகளின் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. வலிய கொடுக்குகளால் உள்ளூர்க் கிரேஃபிஷைக் கல்லடியிலிருந்து துரத்துகிறது. மறைவிடம் இழந்தது மீன்களுக்கு இரையாகிறது. நெருங்கிய இனமாக இருந்தால் கலப்பினமாகவும் ஆகிறது. ஓடையில் கிரேஃபிஷ் அடர்த்தி குறையாமல் இருக்கலாம், கூடவும் செய்யலாம். ஆனால் புழுவின் பக்கம் நின்று பார்த்தால், இடங்கொடுத்த வீட்டுக்காரர் போய், உடலைச் சீவி எறிபவர் குடிவந்திருக்கலாம். மேற்பரப்பில் எதுவும் குறையாத ஓடையில் ஒரு புழுவினம் சத்தமின்றிக் காலியாகும் வழி இது. புழுவை எண்ணுகிறவர் மிகச்சிலர் என்பதால், அது போனபின்னும் யாருக்கும் தெரியாமல் போகக்கூடும் என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்கு நேரெதிரான திசையிலும் நடந்திருக்கிறது. வட அமெரிக்கக் கிரேஃபிஷ்கள் அஃபனோமைசிஸ் அஸ்டாசி என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரைப் பெரிய பாதிப்பின்றிச் சுமப்பவை. ஐரோப்பியக் கிரேஃபிஷ்களுக்கு அது கொள்ளைநோய். 1859இல் இத்தாலியில் முதலில் காணப்பட்ட அந்த நோய் ஆறு ஆறாகக் காலி செய்துகொண்டே போனது. அந்த இழப்பை ஈடுகட்ட 1960 வாக்கில் சுவீடனுக்குக் கொண்டுவரப்பட்ட சிக்னல் கிரேஃபிஷும் அதே நோயைச் சுமக்கும் இனம். கூடவே தன் உடலில் அமெரிக்கப் புழுக்களையும் ஏற்றிக்கொண்டுதான் கடல் கடந்தது. ஓர் உயிரை இடம்பெயர்க்கிறோம் என்று நினைத்து ஒரு குடியிருப்பையே இடம்பெயர்க்கிறார்கள். ஐரோப்பியக் கிரேஃபிஷோடு வாழ்ந்த ஐரோப்பியப் புழுக்களுக்கு, தங்கள் வீடு செத்து மிதந்த ஆறுகளில் போக்கிடம் இருந்திருக்காது.

நான்காம் நாள்: சாலையில்

வடக்கு நோக்கி நாள் முழுக்க வண்டிப்பயணம். ஓஹாயோ ஆற்றைக் கடக்கும்போது அரைமணி நேரம் கரையில் நின்றோம். சரக்குப் படகுகள் தொடர்ந்து போகும் இந்த ஆற்றுக்கு 1990களின் தொடக்கத்திலேயே வெளிநாட்டு ஆக்கிரமிப்பு இனமான வரிக்குதிரை மட்டிகள் வந்து சேர்ந்தன. படகின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்தும் மேலேறத் தெரிந்தவை அவை. உள்ளூர் மட்டிக்கு மீன் எதுவோ, இதற்குப் படகு அது. புறப்படும் முன் காலணி, வலை, வாளி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தினோம். ஒரு நீர்நிலையின் துளியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில் இந்தக் குழு மிகக் கண்டிப்பு.

ஐந்தாம் நாள்: ஈரி ஏரியின் தென்கரை

டொலிடோ நகருக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய மெட்ஸ்கர் சதுப்பு நிலத்தை நோக்கி நடந்தபோது, காலடியில் நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரையோரம் வரப்பு போலக் குவிந்து கிடந்தவை முழுக்க வரிக்குதிரை மட்டியின் ஓடுகளும், அதன் உறவான குவாகா மட்டியின் ஓடுகளும்தான்.

கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த வரிக்குதிரை மட்டி, 1988 ஜூனில் ஈரிக்கு வடக்கேயுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் முதன்முதலாகப் பிடிபட்டது. கப்பல்கள் சரக்கில்லாதபோது சமநிலைக்காக அடித்தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் நீரோடு அதன் இளவுயிரிகள் பெருங்கடலைக் கடந்து வந்துவிட்டன. ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடக்கூடும். இளவுயிரிகளுக்கு மீன் தேவையில்லை, நீரில் மிதந்தே வளர்ந்து, கெட்டியான பரப்பு கிடைத்த இடத்தில் பற்றுநார்களால் ஒட்டிக்கொள்கின்றன. சேறும் மணலுமான ஏரியடியில் கெட்டியான பரப்புக்கு எங்கே போவது? பாதி புதைந்து, மூச்சுவிடும் முனையை மட்டும் வெளியே நீட்டியிருந்த உள்ளூர் மட்டிகளின் ஓடுதான் அவற்றுக்குக் கிடைத்த கல்.

குழுவிடம் ஒரு பழைய மாதிரி இருந்தது; கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகல உள்ளூர் மட்டி ஒன்றின் பின்முனையில், அதைவிடப் பெரிய கொத்தாக வரிக்குதிரை மட்டிகள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. ஓடுகளின் வாயோரத்தில் இரண்டையும் சேர்த்துத் தைத்தாற்போல நார்கள் குறுக்கே ஓடின. இப்படிச் சுமந்தால் மட்டியால் ஓட்டைச் சரியாகத் திறக்கவும் முடியாது, இறுக மூடவும் முடியாது, புதையவும் முடியாது. அது உறிஞ்ச வேண்டிய நீரை, அதன் வாயிலிலேயே நிற்கும் நூற்றுக்கணக்கானவை முதலில் வடிகட்டிவிடுகின்றன. சேமித்த சத்து கரைந்து கரைந்து, பட்டினியில் சாகிறது. செயின்ட் கிளேர் ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் உள்ளூர் மட்டிகள் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்தன; ஈரியின் மேற்குப் பகுதியிலும் அதே கதி.

மட்டியோடு போனவை என்னென்ன என்று கேட்டேன். யுனியோனிகோலா என்ற நீர்ச்சிலந்திப்பேன்கள் மட்டியின் செவுள்களுக்குள்ளேயே குடியிருப்பவை. பல இனங்கள் குறிப்பிட்ட மட்டியை விட்டு வேறெங்கும் தங்காதவை. ஒரு மட்டி இறந்தால் ஓர் எண் குறைகிறது என்று எழுதுகிறோம். அந்த எண்ணுக்குள் எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பது பட்டியலில் இடம்பெறுவதில்லை.

ஆனால் இந்தச் சதுப்புக்கு எங்களை அழைத்து வந்ததற்குக் காரணம் வேறு. 1996இல் இங்கே சீரமைப்புப் பணிக்காக நீரை வடித்தபோது, ஈரியில் இல்லை என்றே எண்ணப்பட்ட உள்ளூர் மட்டிகள் பல இனங்களாக, ஆயிரக்கணக்கில், உயிரோடு கிடந்தன. அடிமண் மென்மையான களிச்சேறு. கோடையில் நீர் நன்றாகச் சூடேறும். வெப்பத்துக்கு ஒதுங்கி மட்டிகள் ஆழமாகப் புதைந்தபோது, முதுகில் ஒட்டியிருந்த வரிக்குதிரை மட்டிகள் சேற்றுக்குள் மூச்சுத்திணறி இறந்து கழன்றுவிட்டன. ஆழமான, குளிர்ந்த, நல்ல நீர் என்று நாம் நினைக்கும் இடத்தில் அழிந்தவை, கலங்கலான சதுப்பில் பிழைத்துக்கொண்டன. சேற்றில் கைவிட்டு அந்த மென்மையை உணர்ந்து பார்த்தேன். மணிக்கட்டு வரை தடையின்றி இறங்கியது.

மாலையில் நடந்த ஒன்றையும் எழுதிவிட வேண்டும். உடைகளைக் கழுவி முடித்துவிட்டேன் என்று நான் சொன்ன பிறகு, என் காலணியின் அடித்தையலில் எள்ளளவில் ஒரு வரிக்குதிரை மட்டிக் குஞ்சு ஒட்டியிருந்ததை உடனிருந்த மாணவி கண்டுபிடித்தார். மறுநாள் நாங்கள் இறங்கவிருந்தது வேறொரு நீர். எல்லாவற்றையும் மீண்டும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் அலசினோம். தூக்கம் வர வெகுநேரமாயிற்று.

ஆறாம் நாள்: எல்லை கடந்து, மழையில்

கனடாவுக்குள் நுழைந்ததிலிருந்து விடாத மழை. சிடன்ஹம் கலங்கி ஓடுவதால் ஆற்றில் இறங்கவில்லை. தங்குமிடத்தில் பேச்சும் வாசிப்புமாகப் பொழுது போயிற்று.

ஐரோப்பாவில் பிட்டர்லிங் என்றொரு சிறுமீன் இருக்கிறது. மட்டி தன் குஞ்சை மீனிடம் வளர்க்கும் வழக்கத்தை அப்படியே திருப்பிப்போட்டு, அது நீண்ட முட்டைக்குழாயை நீட்டி மட்டியின் செவுளுக்குள் முட்டையிடும். அங்கிருக்கும் பெரும்பாலான உள்ளூர் மட்டிகளின் குளோக்கிடியா அதன்மேல் ஒட்டுவதை அது தடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குள் சினனோடோன்டா என்ற பெரிய ஆசிய மட்டி நுழைந்தது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கெண்டை வகை மீன்களின் செவுளிலேயே குளோக்கிடியாவாக ஒட்டிக்கொண்டு அது வந்து சேர்ந்தது. பிட்டர்லிங் இடும் முட்டைகளை அது வெளியே தள்ளிவிடுகிறது. தன் குஞ்சுகளையோ அதே பிட்டர்லிங்கின்மேல் வெற்றிகரமாக வளர்க்கிறது. சுரண்டியவர் சுரண்டப்படுபவராக மாறிவிட்டதை 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்னொன்று 2017இல் வெளியானது: இந்த அந்நிய மட்டியின் குளோக்கிடியா ஒருமுறை ஒட்டிய மீன், அதன் விளைவாகப் பெறும் எதிர்ப்புச் சக்தியால், பிறகு வரும் உள்ளூர் மட்டியின் குளோக்கிடியாவையும் உதிர்த்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். மீனும் இருக்கிறது, மட்டியும் இருக்கிறது, இருவருக்கும் நோயில்லை. ஆனால் மீனின் உடல், பழகிய விருந்தாளியையும் பகையென்று கற்றுக்கொண்டுவிட்டது.

சிடன்ஹமில் சலமாண்டர் மட்டி என்ற மெல்லோட்டு இனமும் உண்டு. அதன் ஓம்புயிர் மீனே அல்ல; வெளிச்செவுள்களை இறகுபோல விரித்துக்கொண்டு ஆயுள் முழுக்க நீரிலேயே வாழும் மட்பப்பி என்ற சலமாண்டர். தட்டைக்கல்லின் அடியில் இரண்டும் ஒன்றாகவே குடியிருக்கும். பேரேரிகளின் மீன்வளத்தைக் குலைத்த கடல் லாம்ப்ரே என்ற ஆக்கிரமிப்பு உயிரை ஒழிக்க, அது முட்டையிடும் ஓடைகளில் 1958 முதல் ஒரு வேதிப்பொருளைக் கலந்து வருகிறார்கள். லாம்ப்ரே குறைந்தது உண்மை. ஏரிகளின் மீன்கள் மீண்டதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் அந்த மருந்து மட்பப்பியையும் கொல்கிறது. மருந்து கலப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. லாம்ப்ரே திரும்பிவந்தால் என்னவாகும் என்பதும் தெரிந்ததே. எந்த ஓடையில், எந்த அளவில் என்று முடிவெடுக்கும் மேசையில், மட்பப்பியோடு அதன் கல்லடித் துணையான அந்த மட்டியின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பேன்.

ஏழாம் நாள்: சிடன்ஹம் ஆறு

மழை விட்டு, தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. இன்று மட்டியைத் தேடவில்லை. அதன் மீனைத் தேடினோம்.

ஸ்னஃப்பாக்ஸ் என்ற சிறு மட்டியின் முதன்மையான ஓம்புயிர் லாக்பெர்ச் என்ற மீன். கூம்பிய மூக்கால் கூழாங்கல்லைப் புரட்டிப் புரட்டி அடியிலிருக்கும் பூச்சியைத் தின்பது அதன் பழக்கம். கற்களுக்கிடையே வாய் பிளந்து காத்திருக்கும் ஸ்னஃப்பாக்ஸையும் ஒரு கல்லென்றே எண்ணி அது மூக்கை நுழைக்க, மட்டி அதன் தலையைக் கவ்விக்கொள்ளும். ஓட்டின் ஓரத்திலுள்ள சிறு பற்கள் மீன் நழுவாமல் பிடிக்க, மென்தசை தலையைச் சுற்றி அடைத்துக்கொள்ள, குளோக்கிடியாக்கள் நேரே செவுளுக்குப் போகும். லாக்பெர்ச்சின் மண்டை இதைத் தாங்கும் அளவு உறுதியானது. வேறு சில சிறுமீன்கள் இதே பிடியில் இறந்துவிடுவதும் உண்டு. ஒரு மீனின் மண்டையெலும்பும் ஒரு மட்டியின் பிடியும் இத்தனை பொருத்தமாக அமைய எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு நிறைகிறது.

இழுவலையை ஓட்டத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இருவர் மேலிருந்து கற்களைக் காலால் கலக்கிக்கொண்டே வந்தார்கள். வலையைத் தூக்கியபோது அதில் துள்ளியவற்றில் பெரும்பாலானவை ரவுண்ட் கோபி என்ற உளுவை மீன்கள். முதல் முதுகுத்துடுப்பில் ஒரு கரும்புள்ளி. வயிற்றுத்துடுப்புகள் இரண்டும் இணைந்து ஒரு கிண்ணமாக இருக்கும். ஒன்று அந்தக் கிண்ணத்தால் என் ஈரக் கையுறையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. வரிக்குதிரை மட்டி வந்த அதே கடற்பகுதியிலிருந்து, அதே கப்பல்வழியில் வந்து, 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் காணப்பட்டது இந்த மீன். ஒரு பருவத்தில் பலமுறை முட்டையிட்டு, ஆண் மீன் காவலிருந்து வளர்க்கிறது. கல்லடி மறைவிடங்களிலிருந்து டார்ட்டர், லாக்பெர்ச் போன்ற உள்ளூர் மீன்களை விரட்டுகிறது. அவற்றின் முட்டைகளையும், சின்னஞ்சிறு மட்டிகளையும் தின்கிறது.

இதைவிட எனக்குக் கலக்கம் தருவது வேறொன்று. மாணவி ஓர் உளுவையின் செவுள்மூடியை இடுக்கியால் விலக்கி உருப்பெருக்காடியை என்னிடம் தந்தார். சிவந்த செவுளிழைகளின் நுனியில் உப்புக்கல் தெறித்ததுபோல வெண்புள்ளிகள் ஒட்டியிருந்தன. எந்த மட்டியினுடையவை என்று ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். ஆனால் குளோக்கிடியா என்பதில் ஐயமில்லை. மட்டிகள் வழக்கம்போல் தூண்டிலை விரித்திருக்கின்றன. வந்தது எந்த மீன் என்று அவற்றுக்குத் தெரியாது. இந்த ஆற்றின் அருகிவரும் மட்டிகளை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வு, உளுவையின்மேல் ஒட்டும் குளோக்கிடியாக்களில் மிகச் சிலவே குஞ்சாக மாறுகின்றன என்று காட்டியது. மீதியை அதன் உடல் உதிர்த்துவிடுகிறது. சரியான மீன் குறைந்து, தவறான மீன் பெருகிய ஆற்றில், ஆண்டுதோறும் ஈனும் குஞ்சுகளை மட்டிகள் கிணற்றில் போடுவதுபோல் போட்டுக்கொண்டே இருக்கின்றன. பெரிய மட்டிகள் நலமாக இருக்கும். கணக்கேட்டில் எண் குறையாது. சிறியவை கிடைக்கின்றனவா என்று கேட்கும்போதுதான் உண்மை தெரியும்.

இந்த ஆறு ஓடும் ஒன்டாரியோ மாகாணத்தில் உயிருள்ள உளுவையை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். எனவே பிடித்தவற்றை வலி தெரியாத முறையில் மயக்க மருந்திட்டுக் கொன்று, ஆய்வுக்காகக் குப்பிகளில் இட்டார்கள். அவற்றின் செவுளில் இருந்த வெண்புள்ளிகளும் அவற்றோடே குப்பிக்குள் போயின.

நான்காவது இழுப்பில் ஒரே ஒரு லாக்பெர்ச் கிடைத்தது. அரைச் சாணுக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். வெளிர்மஞ்சள் உடலில் புலிக்கோடுகள். ஈரக்கையால் மட்டுமே தொட்டு, செவுள்மூடியை நொடிநேரம் விலக்கிப் பார்த்தோம். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று புள்ளிகள் இருந்தன. வாளியில் சற்றுநேரம் இளைப்பாறவிட்டு, பிடித்த இடத்துக்கு மேலே, பரற்கற்கள் நிறைந்த ஆழமற்ற ஓட்டத்தில் அதை நானே விட்டேன். முதலில் அசையாமல் கிடந்தது. பிறகு இரண்டு முழம் முன்னே நகர்ந்து, மூக்கை ஒரு கூழாங்கல்லின் அடியில் கொடுத்து, அதைப் புரட்டிப் போட்டது.